மாமாவின் நெகட்டிவ் பெட்டிகள்: எங்கிருந்து தொடங்குவது?

தாம்வே மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் தாய்மாமா யங்கோனில் ஒரு பர்மிய நாளிதழில் 1961லிருந்து 1999 வரை போட்டோகிராபராக இருந்தவர். போன தை மாதம் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அத்தையும் நானும்தான் அவருடைய அறையை ஒழுங்குபடுத்தி வருகிறோம்.

மூன்று தகரப் பெட்டிகள், உள்ளே 214 காகித உறைகள். இரண்டு முறை எண்ணிவிட்டேன். பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளை நெகட்டிவ், ஆறாறு படமாக வெட்டிய துண்டுகள். கொஞ்சம் 120 என்ற அகலமான ஃபிலிம். கடைசிப் பத்து வருடம் கலர். ஆபீஸ் வேண்டாம் என்று ஒதுக்கியதும், அவர் கைக்காசு போட்டு எடுத்ததும்தான் வீட்டுக்கு வந்திருக்கின்றன. அதனால் இதில் மந்திரிமார் ரிப்பன் வெட்டும் படங்கள் குறைவு. பீலிக்கான் கோயில் தீமிதி, பசுண்டாங்கில் அரிசி மூட்டை சுமப்பவர்கள், மொகல் தெருவில் வெள்ளம், நம் ஆட்கள் வீட்டுக் கல்யாணம், சாவு, பள்ளிக்கூடம், இப்படித்தான் இருக்கின்றன. யங்கோன் தமிழர்களின் நாற்பது வருட வாழ்க்கை வேறெங்கே இப்படி ஒரே இடத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு உறையின் மேலும் மாமா பென்சிலால் எழுதியிருக்கிறார். பாதி தமிழ், பாதி பர்மியம். தேதி எல்லாமே பர்மிய வருடம், பர்மிய மாதம், பர்மிய எண்.

நிலைமையைச் சொல்கிறேன். 2008 நர்கிஸ் புயலில், மே 2ஆம் தேதி ராத்திரி, எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துவிட்டது. ஒரு பெட்டி முழுக்க நனைந்தது. மாமாவும் அத்தையும் ஒரு வாரம் துணி காயப்போடும் கொடியில் நெகட்டிவைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். பிரிக்க முடியாதவை இன்னும் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டாம் பெட்டியில் ஏழெட்டு உறைகளைத் திறந்தால் ஊறுகாய் ஜாடி திறந்தது மாதிரி புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு கடையில் ஸ்கேன் செய்து தருவார்கள் என்று கேள்விப்பட்டு, பார்ப்போமே என்று ஒரு உறையைக் கொடுத்தேன். மாமா அதன் மேல் எழுதியிருந்தது: ‘1326 வாசோ, துறைமுகம்’. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அதில் ஒரு படம் மனதில் நின்றது. ஒரு பெண் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று. கைக்குழந்தை என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் துண்டின் ஓரத்தில் கல் தெரிகிறது. ஆட்டுக்கல் குழவி. ஊரை விட்டுப் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

கடைக்காரர்கள் துண்டுகளை ஒவ்வொரு படமாக வெட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் மொத்தமாகக் கொட்டிக் கொடுத்தார்கள். உறையைக் கேட்டால் ‘அந்தப் பழைய காகிதமா, தூக்கிப் போட்டாச்சு’ என்றார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. உறையின் மேல் எழுதியிருந்ததை அதற்கு முந்தின நாள் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அது மட்டும் மிஞ்சியது.

இனி வெளியே கொடுக்கப் போவதில்லை, நானே செய்யப் போகிறேன். முதலில் எதைத் தொட வேண்டும்? என்ன வாங்க வேண்டும்? எங்கள் பகுதியில் கரண்ட் 4 மணி நேரம் வந்தால் 4 மணி நேரம் போகிறது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். மழை தொடங்க அதிக நாள் இல்லை.

மோல்மேன் ஸ்டுடியோக்காரர் எழுதியது:

மகளே, உன் மாமாவை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஃபிலிமுக்கு நாங்கள் பட்ட பாடு தெரியும். மியாவடி வழியாகத் தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வரும் ஃபிலிமைப் பாதி டப்பா, கால் டப்பா என்று பங்கு போட்டு வாங்குவோம். படத்தை நிலைநிறுத்துகிற (ஃபிக்ஸ் செய்கிற) ஹைப்போ மருந்து கிடைக்காது. கிடைத்ததையே சக்தி போகும்வரை திரும்பத் திரும்பப் போடுவோம். அதனால் சில நெகட்டிவ் மஞ்சளாக, தவிட்டு நிறமாக மாறியிருந்தால் பயப்படாதே. சரியாக ஃபிக்ஸ் ஆகாத, சரியாகக் கழுவாத குறை அது. படம் உள்ளே இருக்கும். அதை முந்திக் காப்பி எடுத்துவிடு, ஏனென்றால் அது நிற்காது, வருடா வருடம் கூடும்.

முதல் வேலை காய வைப்பது. மழை தொடங்கிவிட்டால் நம் ஊர்க் காற்றில் ஈரம் பெரும்பாலும் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. 65ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ரப்பர் விளிம்பு வைத்த மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்கு, உள்ளே சிலிக்கா ஜெல் போடு, சின்ன ஈரமானி ஒன்று வை. 40, 45க்குள் முள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் இரும்புச் சட்டியில் லேசான தீயில் வறுத்து ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். நீல நிற ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் உண்டு. ஆரஞ்சு நிறம் வாங்கு. சமைக்கிற சட்டியில் ஜெல்லை வறுக்காதே, தனிச் சட்டி வை.

ஒட்டிக்கொண்டதைக் கையால் பிய்க்காதே. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டால் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகித் தானாகப் பிரியும். நானே எத்தனையோ பிரித்திருக்கிறேன்.

அடையாறு அக்கா எழுதியது:

ஸ்டுடியோ ஐயா சொன்னதில் முக்கால்வாசியை நானும் வழிமொழிகிறேன். நான் சென்னையில் ஆவணக் காப்பு வேலையில் பதினெட்டு வருடம் இருக்கிறேன். அம்மா 1965இல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர், அதனால் உங்கள் கடிதத்தைச் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

இரண்டு இடத்தில் மட்டும் ஐயா மன்னிக்க வேண்டும்.

ஒன்று, தண்ணீர். பூஞ்சை படாமல் வெறுமனே ஒட்டியிருந்தால் ஐயா சொன்ன வழி பலிக்கும். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். படமே கரைந்து தண்ணீரோடு போய்விடும், அப்புறம் கையில் மிஞ்சுவது வெறும் ஃபிலிம்தான். வெள்ளை படிந்த கட்டுகளைத் தனி டப்பாவில் வைத்து, நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியிலோ வாசலிலோ மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். வீட்டுக்குள் துடைத்தால் மற்ற பெட்டிகளுக்கும் தொற்றும். பிரியாதவை அப்படியே இருக்கட்டும். இன்றைக்குப் பிரிக்க முடியாததைப் பத்து வருடம் கழித்து ஒருவர் பிரிக்கலாம், கெடுத்துவிட்டால் யாராலும் முடியாது.

இரண்டு, புளித்த வாடை. அது அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதைகிற வாடை, அசிட்டிக் அமிலம். ஒரு துண்டிலிருந்து கிளம்பும் ஆவியே பக்கத்துத் துண்டையும் கெடுக்கும். அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் சிதைவு இன்னும் வேகமாகும். அந்த ஏழெட்டு உறைகளை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து, அட்டைப் பெட்டியில், காற்றாடும் அறையில் வையுங்கள். காப்பி எடுக்க வேண்டிய முதல் கட்டு அதுதான். சுருங்கி நெளிய ஆரம்பித்துவிட்டால் ஜெலட்டின் கழன்று வரும், பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஃபிலிம் ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பயமில்லை. 1950க்கு முந்தைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும். மாமா 1961இல் தொடங்கியவர் என்பதால் அநேகமாக இருக்காது, ஆனால் யாரிடமாவது பழைய நெகட்டிவ் வாங்கி வைத்திருந்தால் தெரியாதல்லவா?

கடைகளில் விற்கும் மினுமினுப்பான பிவிசி உறைகளில் மாற்றிப் போடாதீர்கள், வெக்கையில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் இல்லாத காகித உறை கிடைத்தால் நல்லது. மாமாவின் பழைய உறையை எறியாமல் புதிய உறையோடு சேர்த்தே வையுங்கள். இதை உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை, நீங்கள் பட்டுத் தெரிந்துகொண்டீர்கள்.

அந்தத் துறைமுக உறை போனதை நினைத்து வருந்தினேன். ஆனால் ஒரு வழி இருக்கிறது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஓரத்தில், ஓட்டைகளுக்கு வெளியே, ஒவ்வொரு படத்துக்கும் நேராகத் தயாரிப்பாளர் அச்சிட்ட எண் இருக்கும். 14, 14ஏ, 15 என்று போகும். கடைக்காரர்கள் ஓரத்தை நறுக்காமல் விட்டிருந்தால் பூதக்கண்ணாடி வைத்து அந்த வரிசையில் திரும்ப அடுக்கிவிடலாம். வெட்டிய விளிம்புகளும் ஒன்றோடொன்று பொருந்தும்.

பசுண்டாங் தம்பி எழுதியது:

அக்கா, நான் கல்யாண வீடியோ, போட்டோ எடுக்கிறவன். ஸ்கேனர் வாங்காதீங்க. மேசை ஸ்கேனரில் நல்ல தரத்தில் வைத்தால் ஒரு படத்துக்கு 3 நிமிடம் போகும். உறைக்கு 36 படம் என்று வைத்தாலும் 214 உறைக்கு 7,700 படம், 385 மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. அதோடு, தூசி, கீறலைத் தானாக நீக்கும் வசதி என்று சொல்லி விற்பார்கள், அது அகச்சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்வது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளி அந்த வெளிச்சத்தை மறைத்துவிடும், அதனால் படமே கெட்டுப்போகும். கலருக்கு மட்டும் உதவும்.

கேமராவால் எடுங்கள். 24 மெகாபிக்சல் கேமரா, ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், கீழே நல்ல நிறத் துல்லியம் உள்ள எல்ஈடி வெளிச்சப் பலகை, ஆடாத ஸ்டாண்டு. படத்தின் நீளப் பக்கம் 36 மில்லிமீட்டர், அதில் 6,000 பிக்சல் விழும். அங்குலத்துக்கு 4,200 புள்ளி வரும். மேசை ஸ்கேனர் பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் உண்மையில் அந்த அளவு தெளிவு தராது. பழகிவிட்டால் ஒரு ரோலுக்கு, அதாவது ஒரு உறைக்கு, 15 நிமிடம். மொத்தம் 54 மணி நேரம். கேமராவும் பலகையும் பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் உங்கள் வேலை நிற்காது. இதுதான் நம் ஊருக்கு முக்கியம்.

கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு உபாயம் சொல்கிறேன். ஃபிலிம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழும்வரை ஸ்டாண்டைத் திருத்துங்கள். ஃபிலிமின் பளபளப்பில்லாத பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும், அப்புறம் கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். சுற்றிலும் கறுப்புக் காகிதம், அறை விளக்கு அணைத்து, ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் தரும் அசல் பதிவு) எடுங்கள். படத்தோடு ஓர எண்ணும் தெரிகிற மாதிரி கொஞ்சம் அகலமாக எடுத்தால் அடையாறு அக்கா சொன்ன வரிசை எப்போதும் கோப்பிலேயே இருக்கும்.

ஒரு ரா கோப்பு 30 எம்பி என்று வைத்தால் மொத்தம் 231 ஜிபி. 16 பிட் கறுப்பு வெள்ளை டிஃப் படக் கோப்பாக மாற்றினால் ஒன்று 48 எம்பி, மொத்தம் 370 ஜிபி. இரண்டும் சேர்ந்து ஒரு டெராபைட் டிரைவில் அடங்கும். அந்த மாதிரி மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில். என்னிடம் மேக்ரோ லென்ஸ் இருக்கிறது, ஸ்டாண்டும் இருக்கிறது. காசு வேண்டாம். தாம்வே எனக்குப் பக்கம்தான். பெட்டி உங்கள் வீட்டை விட்டு அசைய வேண்டாம், நான் வந்து பழக்கித் தருகிறேன்.

இன்னொன்று, பணிவாகச் சொல்கிறேன். மாமா நாளிதழில் நாற்பது வருடம் இருந்தவர். எல்லா வருடமும் இதில் இருக்கும். எந்த வருடம் என்று இங்கே எழுத வேண்டாம். தெருவில் நின்றவர்களின் முகம் தெரியும் படங்களை இணையம் இருக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள். அவர்களில் பலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள், இல்லையென்றால் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தாம்வே மருமகள் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது புரிந்தது. அப்படிச் சில உறைகள் இருக்கின்றன. அவற்றை மாமாவே தனியாக, மேலே எதுவும் எழுதாமல் வைத்திருந்தார். நாங்களும் அப்படியே வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அத்தை மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) செய்து வைப்பார்.

அக்கா, புளித்த வாடை வந்த உறைகளைப் பிரித்துவிட்டேன். மொத்தம் ஒன்பது. அத்தைக்கு 79 வயது. அவர்தான் அந்தக் காலத்தில் குளியலறையில் சிவப்பு பல்பு போட்டு, மாமா பிரின்ட் போடப் போட, தொட்டித் தண்ணீரில் அலசியவர். ‘இது யார், இது எந்த வீடு’ என்று கேட்டால் டக்கென்று சொல்கிறார். சில நாள் மறதி வருகிறது. அதனால் ஒரு சந்தேகம்: எல்லாவற்றையும் காப்பி எடுத்து முடித்த பிறகு அவரிடம் காட்டுவதா, இப்போதே உட்காருவதா?

பர்மியத் தேதிகளை மாற்றுவதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

அடையாறு அக்கா எழுதியது:

இப்போதே, இன்றைக்கே உட்காருங்கள். நெகட்டிவ் ஒரு வருடம் காத்திருக்கும். உங்கள் ஃபோனாலேயே வெளிச்சப் பலகை மேல் வைத்து ஒவ்வொரு துண்டையும் எடுத்து, ஃபோனில் நிறத்தைத் தலைகீழாக்கி அத்தைக்குக் காட்டுங்கள். தரம் முக்கியமில்லை, முகம் தெரிந்தால் போதும். அவர் பேசுவதைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நீங்கள் ‘உறை 41, படம் 14’ என்று வாயால் சொல்லிவிடுங்கள். பிறகு எந்தப் பேச்சு எந்தப் படம் என்று தேடி அலைய வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், காலையில். ‘இது இன்னார்தானே?’ என்று எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரே சொல்லட்டும். ‘தெரியவில்லை’ என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

எங்கே கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அசல் வீட்டை விட்டுப் போகாமலேயே உதவி கிடைக்கும். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கு நிதி தருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைக் காப்பி எடுத்தது அந்தத் திட்டத்தில்தான். 20ஆம் நூற்றாண்டுப் பொருளுக்கு கலிபோர்னியாவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் அதே மாதிரி ஒன்று நடத்துகிறது. பர்மியப் புகைப்படங்களுக்கென்றே லூகாஸ் பிர்க் என்ற ஆஸ்திரியர் 2013 முதல் மியான்மர் போட்டோ ஆர்க்கைவ் என்று சேர்த்து வருகிறார். யாரிடம் பேசுவதாக இருந்தாலும் அவசரம் வேண்டாம். முதலில் அத்தையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், எந்த உறைகள் யாருக்கும் காட்டக் கூடாதவை என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

மோல்மேன் ஸ்டுடியோக்காரர் எழுதியது:

அடையாறு மகள் சொன்ன தண்ணீர் விஷயம் சரி. 1970களில் மழைக்காலத்தில் ஒரு கல்யாண ரோல் அப்படித்தான் என் கையிலேயே கரைந்தது, அந்த வீட்டாருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் காரணம் விளங்குகிறது.

தேதிக்கு வழி சொல்கிறேன், எழுதிக்கொள். பர்மிய வருடத்தோடு 638 கூட்டு. 1326 என்றால் 1964. பர்மியப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. அதனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை விழும் தேதிக்கு மட்டும் 639 கூட்ட வேண்டும். பியாதோ, தபோத்வே, தபவுங் என்று மாதம் எழுதியிருந்தால் கவனம், அவை பெரும்பாலும் அடுத்த வருடத்தில் விழும். வாசோ என்றால் ஜூன் கடைசி, ஜூலை. அந்த வருடம் மார்ச்சில் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். ஜூலையில் துறைமுகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா குடும்பம் அந்த வருடம்தான் போனது.

தாம்வே மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் ஒரு செய்தி சொல்ல வந்தேன்.

நேற்று தம்பி வந்து ஸ்டாண்டைப் பொருத்தினார். முதலில் அந்தத் துறைமுக ரோலைத்தான் எடுத்தோம். நல்லவேளை, கடைக்காரர்கள் ஓரத்தை நறுக்கவில்லை. அத்தை பூதக்கண்ணாடி பிடிக்க, நான் எண் வாசிக்க, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினோம். இரண்டு மணி நேரம் ஆனது.

பையில் கலந்து கிடந்தபோது குழவி வைத்த பெண் எனக்கு ஒரே ஒரு படம்தான். வரிசையில் வைத்தால் அவள் கதை ஐந்து படத்தில் வருகிறது. 11இல் அவள் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர், கையில் அந்தக் குழவி, துண்டு இல்லாமல். 12இல் தோள் துண்டை எடுத்துக் குழவியைச் சுற்றுகிறார். 14இல் அது அவள் மடியில் இருக்கிறது, அவர் பெட்டியின் மறு ஓரத்தில் நிற்கிறார், இருவரும் வேறு வேறு பக்கம் பார்க்கிறார்கள். 19இல் கப்பல் ஏணியில் அவள் முதுகு. 22இல் அவர் மட்டும் கரையில், வெறும் தோளோடு.

அத்தை 22ஐப் பார்த்ததும் பெயரைச் சொன்னார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் டீக்கடை வைத்திருந்தவர். கடைசி வரை இங்கேதான் இருந்தாராம். அவருக்கு ஒரு குடும்பம் இருந்ததே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது என்றார். பதிவு செய்துவிட்டேன், பெயரை இங்கே எழுதவில்லை.

20ம் 21ம் இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டோம். நாளைக் காலை அந்தக் கடைக்குப் போய், அவர்கள் வெட்டிய மேசைக்கு அடியில் தேடிப் பார்க்கலாமா என்று கேட்கப் போகிறேன். தம்பியும் கூட வருகிறார்.